தென்னையின் தலைக்கு ஒரு மண்சட்டி!

தோட்டத்தில் மண்சட்டியைக் கவிழ்த்து வைத்து, அதில் கரும்புள்ளி, செம்புள்ளி குத்துவது நம் நாட்டு வழக்கம். பயிருக்குக் கண்ணேறு படக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

ஆனால் தென்னை மரத்தின் உச்சியில் ஒரு மண்சட்டி கவிழ்ந்திருந்தால், அது கண்ணேறுக்காக அல்ல. மழைக்காக!

அந்த மரத்தின் குருத்தில் நோய் கண்டிருக்கிறது. அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, மருந்து பூசி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் சட்டியால் மூடியிருக்கிறார்கள். புதுக் குருத்து தலை காட்டும் வரை அந்தச் சட்டிதான் மரத்துக்குக் குடை.

தண்ணீரைக் குடித்து வளரும் மரத்தை, தண்ணீரிலிருந்தே காப்பாற்ற வேண்டுமா?

ஆம். வேருக்கு வேண்டிய தண்ணீர் வேறு. உச்சியில் தேங்கும் தண்ணீர் வேறு. வேரில் பாயும் தண்ணீர் மரத்தை வாழ வைக்கிறது. குளிர்காலத்தில் குருத்தில் தேங்கும் தண்ணீர் மரத்தைக் கொன்றுவிடக் கூடும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்தில் தாத்தா வைத்த மரங்கள் எல்லாம் பேரன் கண்முன்னே விழுந்து கிடந்தன.

விவசாயிகள் மனம் தளரவில்லை. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுக் கன்றுகளை நட்டார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள்.

அந்தக் கன்றுகள் இன்று இளமரங்களாகி நிற்கின்றன. பல மரங்கள் பாளை விட்டுக் காய்க்கத் தொடங்கிவிட்டன.

இந்த நேரத்தில்தான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குருத்தழுகல் நோய் எந்த வயது மரத்துக்கும் வரும். ஆனால் 5 வயது முதல் 20 வயது வரையுள்ள மரங்களைத்தான் அது அதிகமாகத் தேடிப் பிடிக்கிறது. கஜாவுக்குப் பின் நட்ட கன்றுகள் சரியாக அந்த அபாய வயதுக்குள் வந்திருக்கின்றன!

புயல் கொண்டுபோன செல்வத்தைத் திரும்பச் சம்பாதித்த குடும்பங்கள், அதை அழுகலுக்குப் பறிகொடுக்கலாமா?

ஒரே ஓர் உயிர்நிலை

மாமரத்தை மொட்டையடித்தாலும் மறுபடி தளிர்க்கும். வேப்பமரத்தின் ஒரு கிளை முறிந்தால் பக்கத்தில் இன்னொரு கிளை வரும். முருங்கையை ஒடித்து நட்டாலே போதும், முளைத்துவிடும்.

தென்னையும் பனையும் பாக்கும் அப்படி அல்ல. அவற்றுக்குக் கிளை இல்லை. வளர்ச்சி எல்லாம் உச்சியில் உள்ள ஒரே குருத்தில்தான் நடக்கிறது. புது மட்டை அங்கிருந்துதான் வரவேண்டும். பாளையும் அங்கே உருவானால்தான் காய் உண்டு.

அந்தக் குருத்து செத்தால், கீழே எத்தனை அடி உயரத்துக்கு மரம் நின்றாலும் அது உயிரோடு நிற்கும் விறகுதான்.

கணக்குப் பாருங்கள். ஒரு மரம் ஆண்டுக்கு 80 காய் காய்ப்பதாக வைத்துக்கொள்வோம். இன்னும் 50 ஆண்டு காய்த்தால் மொத்தம் 4,000 காய். ஏழு வயது மரம் ஒன்று அழுகிப் போனால், அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம் ஒரு மரம் அல்ல, 4,000 தேங்காய்! புதுக் கன்று வைத்து, அது காய்க்கும்வரை காத்திருக்கும் ஆண்டுகள் தனி.

குளிரும் ஈரமும் கூட்டுச் சேர்ந்தால்

தென்னை வெப்ப நாட்டு மரம். சுமார் 27 டிகிரி வெப்பம் அதற்குப் பிடிக்கும். குளிர் கூடினால் அதன் வளர்ச்சி மந்தமாகிவிடும். வெயில் காலத்தில் விறுவிறு என்று விரியும் குருத்து, குளிர் காலத்தில் அதே இடத்தில் அதிக நாள் கூம்பி நிற்கும்.

மட்டைகள் சேருமிடம் புனல் போன்ற அமைப்பு. பெய்கிற மழையெல்லாம் அந்தப் புனல் வழியே குருத்தின் அடிக்கு இறங்குகிறது. வெயில் இருந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். மேகம் மூடி, தூறலும் வாடையும் நாள் கணக்கில் நீடித்தால் அந்த ஈரம் காய்வதே இல்லை.

அந்த ஈரத்துக்காகவே ஒரு கிருமி காத்துக்கொண்டிருக்கிறது. அதன் விஞ்ஞானப் பெயர் பைட்டோப்தோரா பால்மிவோரா. முதல் சொல்லுக்குச் செடியை அழிப்பது என்று பொருள். இரண்டாவது சொல்லுக்குப் பனை இனத்தைத் தின்பது என்று பொருள். பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது!

முன்பெல்லாம் இதைப் பூஞ்சணம் என்றே சொல்லி வந்தார்கள். தண்ணீரில் வாழும் பாசி வகைகளுக்கு இது தூரத்து உறவு என்று இன்றைய விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் தண்ணீர் என்றால் இதற்குக் கொண்டாட்டம். குளிர்ந்த நீர் பட்டதும் இதன் விதைப் பைகள் திறக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்விதைகள் வெளியே வந்து நீந்துகின்றன! காற்றில் ஈரம் 90 சதவிகிதத்துக்கு மேல், வெப்பம் 18 முதல் 20 டிகிரி வரை. இந்தக் கிருமிக்கு இதுவே நல்ல நேரம்.

தமிழ்நாட்டில் அந்த நேரம் எப்போது வருகிறது? ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழிப் பனி வரையில். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் தமிழ்நாட்டில் சராசரியாகச் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் இரவுக் குளிரும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

மார்கழியிலும் மழை கொட்டுவதுண்டு. 2023-ம் ஆண்டு மார்கழி பிறந்ததும் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை

குளிர் மட்டும் வந்தால் தென்னை தாங்குமா? இதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் பதில் சொல்கிறது. அங்கே தென்னை கடற்கரை அழகுக்காக வளர்க்கப்படுகிறது.

2010-ம் ஆண்டு ஜனவரியில் புளோரிடாவில் சுமார் இரண்டு வாரம் கடுங்குளிர் நீடித்தது. தென்னங்கீற்றுகள் கருகிப் பழுப்பாயின. கீற்று கருகியதாலேயே மரம் செத்துவிடாது. குளிரில் வெந்துபோன குருத்துக்குள் பிறகு கிருமிகள் நுழைவதுதான் பெரிய ஆபத்து.

அதனால் அந்த மாநிலத்துப் பல்கலைக்கழக நிபுணர்கள் இரண்டு யோசனை சொல்லி வருகிறார்கள். கருகிய மட்டையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். குளிர் விலகும்வரை அது குருத்துக்குப் போர்வையாக இருக்கட்டும். குருத்தில் தாமிர மருந்தை ஊற்றுங்கள். பத்து நாளுக்குள் இன்னொரு முறை ஊற்றுங்கள். இவை தான் அந்த யோசனைகள்.

தமிழ்நாட்டுக் குளிர் அவ்வளவு கடுமையானது அல்ல. ஆனால் இங்கே மழை அதிகம். எந்த நாடானாலும் பாடம் ஒன்றுதான்: காக்க வேண்டிய இடம் குருத்து, விரட்ட வேண்டிய எதிரி தேங்கிய ஈரம்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

இந்த நோயின் தந்திரமே, மரம் பச்சையாக இருக்கும்போதே உள்ளே வேலையை முடித்துவிடுவதுதான்.

முதலில் நடுக்குருத்து நிறம் மாறும். பசுமை வெளுத்து மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். அடுத்து, குருத்து நிமிர்ந்து நிற்காமல் வளைந்து தொங்கும். அதைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அடிப்பகுதி அழுகிக் கூழாகி, மூக்கைத் துளைக்கும் நாற்றம் வீசும்.

இவ்வளவும் நடக்கும்போது சுற்றியுள்ள மட்டைகள் பச்சையாகவே இருக்கும். குலையில் உள்ள காய்களும் முற்றும். கீழே நின்று பார்ப்பவருக்கு மரம் சுகமாக இருப்பது போலத் தோன்றும். சில மாதம் கழித்து மட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்து, மரம் மொட்டைக் கம்பமாகும் போதுதான் பலர் திடுக்கிடுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைவதும் உண்டு. அது குடைந்த குருத்து விரியும்போது, கத்தரியால் வெட்டியது போல் ஓலை முக்கோண வடிவில் இருக்கும். வண்டு வேறு, அழுகல் வேறு. ஆனால் வண்டு போட்ட ஓட்டை கிருமிக்குத் திறந்த கதவு!

கோதாவரிக் கரையில் செத்த பனைகள்

இந்த நோயின் கொடுமையை நாடு முதலில் கண்டது தென்னையில் அல்ல, பனையில்!

19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கோதாவரி ஆற்றின் கழிமுகப் பகுதியில் பனைமரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அன்று அந்தப் பகுதி சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. பனையை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் திகைத்து நின்றன.

பின்னர் இந்திய சர்க்காரின் தாவர நோய் நிபுணராக வந்தவர் எட்வின் ஜான் பட்லர். அவர் அழுகிய குருத்துகளை ஆராய்ந்து, 1907-ம் ஆண்டில் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தார்.

நோய் கண்ட மரங்களின் உச்சியை வெட்டி எரிக்கும் வேலையை சர்க்கார் ஊர் ஊராக நடத்தியது. ஒரு மரம் அழுகி நின்றால், அதிலிருந்து காற்றும் மழைத்துளியும் நோயை அடுத்த மரத்துக்குக் கொண்டு போகும் என்பது தெளிவாகியிருந்தது.

1919-ம் ஆண்டில் சென்னை ராஜதானியில் விவசாயப் பூச்சிகள், நோய்கள் பற்றி ஒரு சட்டமே வந்தது. சர்க்கார் அறிவித்த நோயைக் கட்டுப்படுத்த நிலச் சொந்தக்காரர் நடவடிக்கை எடுக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அதிகாரிகளே எடுத்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

நூறாண்டுக்கு முன்பே அன்றைய சட்டம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறது: பயிர் நோய் தனி ஒருவரின் விவகாரம் அல்ல!

திருடனுக்கு வைத்த மருந்து

நோய்க்கு மருந்து கிடைத்த கதை சுவையானது.

பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். சாலையோரக் கொடிகளில் உள்ள பழங்களை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றுவிடுவார்கள். இதைத் தடுக்க, தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அந்தக் கொடிகளில் தெளித்தார்கள். நீல நிறத்தைப் பார்த்து, ஏதோ விஷம் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள் அல்லவா?

1882-ம் ஆண்டில் அங்கே திராட்சைக் கொடிகளை ஒரு நோய் தாக்கியது. மில்லார்டே என்ற பேராசிரியர் ஓர் அதிசயத்தைக் கண்டார். உள்ளே இருந்த கொடிகள் வாடின. சாலையோரம் நீலக் கரைசல் தெளித்த கொடிகள் மட்டும் பசுமையாக இருந்தன! அவர் அதைச் சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். அதுதான் இன்றும் விவசாயிகள் பயன்படுத்தும் போர்டோ கலவை.

இந்தியாவில் இந்தக் கலவை பெரும்பெயர் பெற்றது மைசூர் சமஸ்தானத்தில். மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில், ஆடி மாதத்து ஓயாத மழையில் பாக்குக் குலைகள் அழுகி உதிர்ந்தன. அதுவும் இந்தக் கிருமியின் பங்காளி செய்த வேலைதான். விவசாயிகள் குலைக்குக் குலை புல்லாலும் பாக்கு மட்டையாலும் குல்லாய் போட்டு மழையைத் தடுத்து வந்தார்கள். 1908-ல் மைசூருக்கு வந்த லெஸ்லி கோல்மன் என்ற கனடா நாட்டு விஞ்ஞானி, மழைக்கு முன் போர்டோ கலவை தெளித்தால் நோய் அண்டாது என்று காட்டினார்.

இதில் கவனிக்க வேண்டிய சொல், 'மழைக்கு முன்' என்பது. குடையை நனைந்த பிறகு விரித்து என்ன பயன்?

கலவை தயாரிப்பது எப்படி?

நூறு லிட்டர் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் வேண்டும்.

மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் தனியாகக் கரைக்க வேண்டும். சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் கரைத்து வடிகட்ட வேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். அழகான நீல நிறம் வரும்.

மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி எதுவும் ஆகும். இரும்புப் பாத்திரம் மட்டும் ஆகாது. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, துரு இல்லாத கத்தியை அதில் சிறிது நேரம் வைத்து எடுக்கவேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். செய்த கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

வெட்டிய குருத்தில் பூசுவதற்குப் பசை போலக் கெட்டியாக வேண்டும். 100 கிராம் துத்தம் அரை லிட்டர் தண்ணீரில்; 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டர் தண்ணீரில்; இரண்டையும் கலந்தால் பசை தயார்.

ஒரு வார்த்தை எச்சரிக்கை. மயில்துத்தம் விஷம். பளபளக்கும் நீலக் கட்டியைக் கண்டு குழந்தைகள் கற்கண்டு என்று நினைத்துவிடக் கூடும். எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். காய் பறித்த பிறகு தெளியுங்கள். மிச்சத்தைக் கிணற்றங்கரையிலோ மீன் வளரும் குட்டையிலோ கொட்டாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மாங்கோசெப் என்ற மருந்தை 2 கிராம் அளவில் சிறு பொட்டலமாகக் கட்டி, பொட்டலத்தில் ஊசியால் துளைகள் போட்டு, உச்சி மட்டை இடுக்கில் கட்டிவிடலாம். மழை பெய்யும்போதெல்லாம் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குருத்துக்குள் இறங்கும். எதிரியைக் கூட்டிவரும் மழையே மருந்தையும் கொண்டு சேர்க்கிறது!

மரம் ஏற ஆள் எங்கே?

மருந்து பழையது. முறை தெரிந்தது. செலவும் எட்டாதது அல்ல. அப்படியிருந்தும் மரங்கள் ஏன் சாகின்றன?

இந்தக் கேள்விக்கு விடை கிருமியிடம் இல்லை, மனிதரிடம் இருக்கிறது.

முன்பு மரமேறிகள் அடிக்கடி உச்சிக்குப் போனார்கள். காய் பறித்தார்கள், காய்ந்த பன்னாடையையும் பாளையையும் அகற்றினார்கள், குருத்து வெளுத்திருந்தால் இறங்கியதும் சொல்லிவிடுவார்கள். தென்னைக்கு அவர்களே வைத்தியர்.

இன்று அந்தத் தொழிலுக்கு ஆள் குறைந்துவிட்டது. அபாயமான வேலை. தவறி விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும். மரமேறியின் மகன் படித்து வேறு வேலைக்குப் போவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதனால் பல தோப்புகளில், கீழிருந்தே நீளத் துரட்டியால் காய் பறிக்கிறார்கள். காய் வந்துவிடுகிறது. ஆனால் உச்சியை யாரும் பார்ப்பதில்லை!

இதை உணர்ந்து, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ஒரு திட்டம் தொடங்கியது. 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்பது அதன் பெயர். இளைஞர்களுக்கு இயந்திரத்தின் உதவியால் மரம் ஏறவும், நோயைக் கண்டுபிடிக்கவும், மருந்திடவும் பயிற்சி தந்தார்கள். பெண்களும் பயிற்சி பெற்று மரம் ஏறினார்கள்.

நல்ல திட்டம்தான். ஆனால் பயிற்சி பெற்றவர் அந்தத் தொழிலிலேயே நிலைத்து நிற்கவேண்டுமானால், அவருக்கு ஆண்டு முழுவதும் வேலையும், கௌரவமான கூலியும், விபத்து இன்சூரன்சும் வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் மட்டும் சோறு போடாது.

ஒரு தோப்புக்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. ஊரில் உள்ள தோப்புக்காரர்கள் சேர்ந்து செய்யலாம். புரட்டாசி மாதத்தில் பயிற்சி பெற்ற இருவரை அமர்த்தி, ஊரில் உள்ள எல்லா மரங்களின் உச்சியையும் சுத்தம் செய்து மருந்திட்டால், செலவு பங்காகும்; அவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

பக்கத்துத் தோட்டத்து மரம்

இன்னொரு சங்கடமும் உண்டு. குருத்து செத்த மரத்தை வெட்ட மனம் வருவதில்லை. பிள்ளை போல் வளர்த்த மரம். குலையில் இன்னும் காய் தொங்குகிறது. “இந்தக் காய் முற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப் போடுகிறார்கள்.

2025-ம் ஆண்டில் தேங்காய் விலை உச்சத்துக்கு ஏறியபோது, ஒரு குலையை இழப்பதும் பெரிய நஷ்டமாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த ஒரு குலைக்காக விட்டுவைத்த மரம், சுற்றியுள்ள மரங்களுக்கு நோயை வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். மரம் ஒருவருக்குச் சொந்தம். காற்றில் சிதறும் மழைத்துளி யாருக்கும் சொந்தம் இல்லை. அது வேலியைப் பார்த்துத் திரும்பிப் போவதும் இல்லை.

தென்னைக்கு இன்று வேறு தொல்லைகளும் இருக்கின்றன. 2016 முதல் வெள்ளை ஈ ஓலையைக் கெடுக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் வாடல் நோய் விவசாயிகளை வாட்டுகிறது. வாடல் நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. அவற்றைப் பற்றிய பேச்சில் குருத்தழுகல் பின்னுக்குப் போய்விடுகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குருத்தழுகல், மரத்தையே கொல்லும் நோய். அதே சமயம், முன்கூட்டியே தடுக்கக்கூடிய நோய். தடுக்க முடியாததற்காகக் கவலைப்படும் நேரத்தில், தடுக்கக்கூடியதைக் கோட்டைவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

விவசாய இலாகாவும் இதில் முன்வரவேண்டும். மழை தொடங்கிய பிறகு ஆலோசனை சொல்வதை விட, ஆவணியிலேயே மயில்துத்தம் கடைகளில் கிடைக்கும்படி செய்வது நல்லது. செத்த மரத்தை வெட்டி எரிக்கும் ஏழை விவசாயிக்கு உடனே ஒரு கன்று இலவசம் என்று அறிவித்தால், மரத்தை வெட்டத் தயங்கும் கை தயங்காது.

எந்த மாதம், என்ன வேலை?

ஆவணி, புரட்டாசி: மழைக்கு முன் உச்சியைச் சுத்தம் செய்யுங்கள். போர்டோ கலவை தெளியுங்கள். நடுமட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து போட்டால் வண்டு அண்டாது. தோப்பில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மழை விட்ட நாட்களில் தோப்பைச் சுற்றி வாருங்கள். அண்ணாந்து பாருங்கள். நடுக்குருத்து நிமிர்ந்து, பச்சையாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் பார்த்துச் சொல்லலாம்.

மார்கழி, தை: பனியும் தூறலும் சேர்ந்தால் அதிக ஜாக்கிரதை. குருத்து வெளுத்திருந்தால் அன்றே ஆளை ஏற்றுங்கள். அழுகியதை, வெள்ளையான நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி எடுத்து, பசை பூசி, சட்டியால் மூடுங்கள். வெட்டியதைத் தோப்பில் போடாமல் எரித்துவிடுங்கள். அரிவாளையும் போர்டோ கலவையில் கழுவிய பிறகே அடுத்த மரத்துக்குக் கொண்டு போங்கள். சுற்றியுள்ள மரங்களுக்கும் மருந்து தெளியுங்கள்.

புதுக் கன்று வைக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி வேண்டும். நெருக்கி நட்டால் மட்டைகள் பின்னிக்கொள்ளும், வெயில் இறங்காது, ஈரம் காயாது. நாலு மரம் அதிகம் வைக்கிற ஆசை, இருக்கிற மரத்துக்கும் ஆபத்து.

புயலை நிறுத்த யாராலும் முடியாது. மழையைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆனால் ஒரு கிலோ துத்தமும், ஒரு கிலோ சுண்ணாம்பும், ஊரார் ஒற்றுமையும் இருந்தால் குருத்தைக் காப்பாற்ற முடியும்.

புரட்டாசியில் உச்சியைப் பார்த்தவருக்கு, மார்கழியில் மண்சட்டி தேட வேண்டிய வேலை இருக்காது.